ஒரே பீடமும் ஒரு சுவரும்: சமூகவியல் நோக்கில் நம் வேத வரலாறு

ஒரு பங்கு யூபிலி கொண்டாடும்போது மலர் வெளியிடுவது நம் வழக்கம். அம்மலரில் ஆயர் பெருந்தகையின் ஆசியுரை இருக்கும். பணியாற்றிய பங்குக் குருக்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். கோயில் கட்டிய கதை, கொடிமரம் நட்ட கதை, பெரிய மணி வாங்கிய கதை எல்லாம் இருக்கும். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் கோயிலைக் கட்டிய நாம் எவ்வாறு ஒரு சமூகமாகக் கட்டப்பட்டோம் என்ற வரலாற்றை நாம் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஆன செலவு கணக்கு நோட்டில் இருக்கிறது. மனிதர் மனிதரை எப்படி நடத்தினார்கள் என்பது பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்தில் துயில் கொள்ளப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இக்கட்டுரையில் நாம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். விசுவாசம் சமூகத்தை உருவாக்குகிறதா, அல்லது சமூகம் தன் விருப்பப்படி விசுவாசத்தை வளைத்துக்கொள்கிறதா? இது படித்தவர்கள் மட்டும் பேசும் கேள்வி என்று பங்கு மக்கள் எண்ணிவிட வேண்டாம். சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று நாம் வாதாடும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்று அறிஞர்கள் கூறியவை

சமயத்தைச் சமூகத்தோடு சேர்த்து ஆராய்ந்த ஐரோப்பிய அறிஞர்களில் மூவரை முதலில் அறிந்துகொள்வது நலம். மூவரும் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் நோயாளி தன் உடம்பைப் பற்றிப் பிற சமய மருத்துவர் சொல்வதையும் கேட்டுக்கொள்வது போல, இவர்கள் சொல்வதை நாம் கேட்கலாம்.

முதலாமவர் கார்ல் மார்க்ஸ். 1818ஆம் ஆண்டு ஜெர்மனியில் திரியர் நகரில் பிறந்தவர். சமயம் மக்களுக்கு அபின் போன்றது என்று 1844இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இவர் எழுதியது ஊரறிந்த செய்தி. அதே இடத்தில், ஒடுக்கப்பட்டவன் விடும் பெருமூச்சும் சமயத்தில் இருக்கிறது, அவனது எதிர்ப்பும் அதில் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டதைப் பலர் அறியமாட்டார்கள். அவர் நமக்கு விட்டுச் சென்ற முக்கியமான சொல் 'கருத்தியல்' என்பது. மனிதர் தம் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட ஓர் ஏற்பாட்டை, இயற்கையே விதித்தது, இறைவனே வகுத்தது என்று எல்லாரும் நம்பும்படி செய்துவிடும் எண்ணங்களின் தொகுதியை அச்சொல்லால் குறித்தார். அந்த நம்பிக்கை மேலே இருப்பவனுக்கு மட்டும் உரியதன்று. கீழே இருப்பவனும் அதை நம்பிவிடும்போதுதான் அது முழு வலிமை பெறுகிறது.

இரண்டாமவர் எமில் துர்க்கைம். 1858இல் பிரான்சு நாட்டில் யூத ரபி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1912இல் சமய வாழ்வின் அடிப்படை வடிவங்களைப் பற்றி இவர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகளைப் பற்றிய செய்திகளைக் கொண்டு, புனிதமானது, புனிதமல்லாதது என்று உலகத்தைப் பிரிப்பதே சமயத்தின் அடிப்படை என்றார். மக்கள் ஒன்றுகூடி வழிபடும்போது தனி மனிதனிடம் இல்லாத ஓர் எழுச்சி அவர்களிடம் பிறக்கிறது, அந்த எழுச்சியே சமூகத்தைச் சேர்த்துக் கட்டுகிறது என்றும், வழிபடுகிறவர்கள் தெரியாமலே தம் சமூகத்தையே வழிபடுகிறார்கள் என்றும் அவர் கூறினார். இதில் கடைசிக் கூற்றை விசுவாசிகளாகிய நாம் ஏற்க இயலாது. நாம் வழிபடுவது நம்மைப் படைத்தவரை. ஆனால் திருவிழா இரவில் பத்தாயிரம் பேர் 'மரியே வாழ்க' என்று ஒரே குரலில் முழங்கும்போது நம் உடல் சிலிர்க்கிறதே, அதைக் கண்டவர் எவரும் துர்க்கைம் சொன்னதை முற்றிலும் தள்ளிவிட மாட்டார்கள்.

மூன்றாமவர் மாக்ஸ் வேபர். 1864இல் ஜெர்மனியில் எர்பர்ட் நகரில் பிறந்தவர். மார்க்ஸ் சொன்னதற்கு மறுபக்கத்தை இவர் காட்டினார். பொருளாதாரம் சமயத்தை ஆள்வது மட்டுமன்று, சமயக் கருத்தும் பொருளாதாரத்தையே மாற்ற வல்லது என்று 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவ முயன்றார். பின்னர் இந்தியச் சமயங்களைப் பற்றி எழுதிய ஆய்வில் அவர் நம் வேதாகமத்திலிருந்தே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுகிறார். அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த புனித பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். புனித சின்னப்பர் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இதை நாம் வாசிக்கிறோம். பிறப்பால் வந்த தடைகளை உடைத்து எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்த அந்த நாளே, மேலை நாடுகளில் மனிதர் சம குடிமக்களாவதற்கு வித்திட்ட நாள் என்பது வேபரின் கருத்து. சாதியைப் பற்றி எழுதும்போது அவருக்கு இந்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

இம்மூவர் சொன்னவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு வேத வரலாற்றை இனிப் பார்ப்போம்.

முத்துக்குளித்துறையில்

1535 தொடங்கி 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக் குளிப்பில் எழுந்த போட்டியாலும் பூசலாலும் தத்தளித்த அம்மக்களின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினார்கள். அதன் பயனாகவே இது நடந்தது. தனித்தனி மனிதராக அவர்கள் வரவில்லை. ஒரு குலமே, தன் தலைவர்களோடும் தன் கட்டுப்பாடுகளோடும் திருச்சபைக்குள் வந்தது. 1542இல் புனித சவேரியார் அக்கரைக்கு வந்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழில் கற்பித்த பிறகே அந்த ஞானஸ்நானத்தின் பொருள் மக்களுக்கு விளங்கத் தொடங்கியது.

அரசியல் காரணத்தால் வந்த வேதம் அரசியல் மாறினால் போய்விடும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். தங்கள் சபைக்கு மக்களை இழுக்க முயன்றார்கள். பரதவர் அசையவில்லை. பாதுகாப்புத் தேடிப் பெற்ற வேதம் நூறாண்டுக்குள் அவர்களது உயிரோடு கலந்துவிட்டது. குலத்தின் ஒற்றுமை வேதத்தைக் காத்தது. வேதம் குலத்தின் ஒற்றுமையைக் காத்தது. பனிமய மாதாவின் பொன் தேரை இழுக்கும் கைகளில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. துர்க்கைம் சொன்னது இங்கே மெய்யாகக் காணப்படுகிறது.

ஆனால் இதற்குள்ளேயே ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஒரு குலம் முழுவதாக வேதத்தில் சேரும்போது அதன் எல்லைக் கோடுகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

மதுரையில்

1606இல் இத்தாலி நாட்டுச் சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அங்கே 1595 முதல் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமிகளால் உள்ளூர் உயர்குலத்தாரில் ஒருவரைக்கூட மனந்திருப்ப இயலவில்லை. காரணம், வேதத்தில் சேர்வது என்றால் பறங்கிக் குலத்தில் சேர்வது என்று மக்கள் பொருள் கொண்டிருந்தார்கள். மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் அயலாரின் சாதியில் சேர யார் வருவார்? தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற நொபிலி காவி உடுத்தினார், புலால் நீக்கினார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களே, சமயத்தின் அடையாளங்கள் அல்ல, ஆகவே அவற்றை வைத்துக்கொண்டே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்றார்.

அவருடைய சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. வழக்கு கோவா வழியாக உரோமைக்குச் சென்றது. எது சமயம், எது சமூக வழக்கம் என்ற கேள்வியைச் சமூகவியலார் எடுப்பதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் முன்பே திருச்சபை எடுத்து ஆராய்ந்தது என்பதை நாம் பெருமையோடு கூறலாம். 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அளித்த தீர்ப்பு நொபிலிக்குச் சார்பாக அமைந்தது. ஆனால் அதே மடலில் பாப்பரசர், குலப்பெருமை உடையோர் எளியோரை இகழ வேண்டாம், சிறப்பாகக் கோயிலில் இறைவாக்கைக் கேட்பதிலும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறுவதிலும் அவர்களை ஒதுக்க வேண்டாம் என்று மிகவும் வேண்டிக்கொண்டார். முதல் பகுதியை நம் முன்னோர் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் பகுதி அவ்வளவாகக் காதில் விழவில்லை.

1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற பெயரில் வேறு குருக்கள் தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்றினார்கள். இதனால் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தது உண்மை. மறவ நாட்டில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் அவ்வாறு உழைத்தவரே. ஆனால் குருக்களிலேயே இரு வகை என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1704இல் பாப்பரசரின் தூதராக வந்த கர்தினால் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட கட்டளையில், நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் வீட்டிற்குக் குருக்கள் சென்று அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. இதைக் கட்டளையாகப் போட வேண்டிய நிலை இருந்தது என்பதே நமக்குப் பாடம். 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இவ்வழக்கை முடித்தபோதும், அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையே அனுமதித்தார்.

நொபிலியின் நோக்கம் மேலானது. நற்செய்தியை நம் மண்ணின் மொழியில், நம் மண்ணின் உடையில் தந்தவர் அவர். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் சாதி வெறும் சமூக வழக்கம் என்று சொல்லி வாயிலில் விட்டுவந்த ஒன்று, பின்வாசல் வழியாகப் பீடம் வரைக்கும் வந்துவிட்டது.

வடக்கன்குளத்தில்

அது பீடம் வரை வந்த கதையைக் கல்லிலேயே காண வேண்டுமானால் நாம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்திற்குப் போக வேண்டும். அவ்வூர் தமிழக வேத வரலாற்றில் மிகச் சிறந்த ஊர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடி மலையில் சுடப்பட்டு வேதசாட்சியாக மரித்தார். தாழ்ந்தவர் என்று ஊரார் ஒதுக்கிய மக்களோடு கலந்து பழகியதும் அவர்மேல் சினம் மூளக் காரணங்களில் ஒன்று என்பது அவர் வரலாறு கூறும் செய்தி.

அதே ஊரில் 1872இல் கட்டப்பட்ட கோயில் விசித்திரமானது. ஒரே பீடம். அப்பீடத்திலிருந்து இரண்டு மண்டபங்கள் கவட்டை போலப் பிரிந்து செல்லும். ஒன்றில் வேளாளரும் மற்றொன்றில் நாடாரும் அமர்வர். நடுவே தடுப்பு. இரு மண்டபத்தாரும் பீடத்தைக் காணலாம், ஒருவரை ஒருவர் காண இயலாது. கால்சட்டை வடிவக் கோயில் என்று வெளியார் இதைக் கேலி பேசியதுண்டு. கேலி பேச நமக்குத் தகுதி இல்லை. நெடுநாள் பூசலுக்குப் பிறகு, சமாதானமாவது நிலவட்டும் என்று குருக்கள் கண்ட வழி அது. இரு சாராரும் ஒரே நேரத்தில் ஒரே பூசையைக் கண்டார்கள். ஆனால் கட்டடமே தினந்தோறும் ஒரு பிரசங்கம் செய்துகொண்டிருந்தது. பீடத்திலிருந்து குரு சொன்ன பிரசங்கத்தைவிட அந்தப் பிரசங்கமே பிள்ளைகளின் மனத்தில் ஆழப் பதிந்திருக்கும்.

1910இல் அங்கே பணியாற்றிய பிரெஞ்சுச் சேசு சபைக் குரு கௌசானல் சுவாமிகள், திருச்சபை அதிகாரிகளின் ஆதரவோடு அத்தடுப்பை அகற்றினார். வேளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றார்கள். தம் முன்னோரின் வழக்கம், தமக்குரிய உரிமை, ஆகவே சுவரை மறுபடியும் எழுப்பித் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. கோயிலுக்குள் மக்கள் எவ்வாறு அமர்வது என்பது திருச்சபை அதிகாரிகளின் பொறுப்பு என்று முடிந்தது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வழக்காடியவர்கள் வேதத்தை மறுத்தவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாக ஜெபமாலை சொன்னவர்கள், சந்து தவறாமல் ஒருசந்தி பிடித்தவர்கள், கோயிலுக்குக் கொடுத்தவர்கள். சுவர் இல்லாத கோயில் அவர்களுக்கு முறைகெட்ட கோயிலாகத் தோன்றியது. மனிதன் வைத்த தடுப்பு, காலப்போக்கில் கடவுள் வைத்ததாகவே தோன்றிவிட்டது. மார்க்ஸ் கருத்தியல் என்று சொன்னது இதைத்தான். தீயவர்களிடம் மட்டும் அது குடியிருப்பதாக நாம் எண்ணினால் ஏமாந்துபோவோம். பக்தியுள்ள நல்லவர்களிடம் அது இன்னும் வசதியாகக் குடியிருக்கும்.

இது நம் கத்தோலிக்கருக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது, சென்னையிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். தஞ்சையின் பெரும் புலவர் வேதநாயக சாஸ்திரியாரே அவ்வாணையை எதிர்த்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்டோர் கண்ணீர் விடும்படி பாடியவர் அவர். பக்தி ஒரு பக்கமும் குலம் ஒரு பக்கமும் ஒரே நெஞ்சில் அடுத்தடுத்த அறைகளில் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டத்தின் முன்னும் சபையின் முன்னும்

நாடு விடுதலை பெற்ற பின் இக்கதை வேறு வடிவம் எடுத்தது. 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை, இந்து சமயத்தவர்க்கு மட்டுமே அச்சலுகைகளைத் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், தம்மைப் போன்ற தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் அவரது மனு தள்ளப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். 'உங்கள் வேதத்தில் சாதி இல்லையே, உங்களுக்கு எதற்குச் சலுகை?' என்று அரசாங்கம் கேட்டது. அதே மனிதர் ஊருக்குத் திரும்பினால் கோயிலில் எங்கே உட்கார வேண்டும் என்று உறவினரல்லாதார் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே சாதி இல்லை என்றும் உள்ளே சாதி உண்டு என்றும் சொல்லப்பட்டு, இரண்டு பக்கமும் இழந்தவர் அவர்.

திருச்சபை வாய் மூடி இருக்கவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், பிறப்பு, நிறம், நிலை ஆகியவற்றால் செய்யப்படும் எல்லா வேற்றுமையும் இறைவனின் திட்டத்திற்கு மாறானது என்று இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் அறிவித்தது. 1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதி வேற்றுமைக்கும் சாதி மனப்பான்மைக்கும் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என்று கூறியது. 2003இல் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழக்கங்கள் எவையாயினும் திருத்தப்பட வேண்டும் என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் வலியுறுத்தினார். ஆயினும் 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விழுப்புரம் பகுதியில் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே கலகம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அறிக்கைகளுக்கும் தெருவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அது காட்டிற்று.

ஆனால் நம்பிக்கைக்கும் இடமுண்டு. டேவிட் மோசே என்ற ஆங்கில மானிடவியலார் 1980களில் இராமநாதபுரச் சீமையில் கத்தோலிக்கர் வாழும் ஓர் ஊரில் தங்கி ஆராய்ந்து, 2012இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். திருவிழா மரியாதைகள் முன்பு சாதி வரிசையைப் படித்துக்காட்டும் ஏடாக இருந்ததை அவர் விளக்குகிறார். அதே கோயிலே பின்னாளில், தாழ்த்தப்பட்ட மக்கள் சமத்துவத்தைக் கேட்டு நிற்கும் களமாக மாறியதையும் அவர் காட்டுகிறார். 'நாமும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே' என்று கேட்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது வேறெதுவும் அன்று, அவர்கள் கற்ற ஞானோபதேசமே. வேபர் அந்தியோக்கியாவில் கண்ட ஆற்றல் இதுதான். சுவர் எழுப்பவும் வேதத்தைப் பயன்படுத்தினார்கள். சுவரை இடிக்கும் கடப்பாரையும் அதே வேதத்தில்தான் இருந்தது.

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கிவிட்டது. 1745இல் வடக்கன்குளத்தில் தண்ணீர் வார்த்துக் கொடுத்த பெயர் மட்டும் பீடத்தில் ஏறியது.

நம் பங்கில்

இனி நம்மைப் பற்றிச் சிறிது பேசுவோம். பிற ஊர்க் கதைகளைச் சொல்லிவிட்டுத் தம் ஊரை மறைப்பது நேர்மையன்று.

நம் கோயிலில் கல்லால் ஆன சுவர் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் பெஞ்சுகள் வருமுன், தரையில் அமர்ந்த நாள்களில், எந்தத் தூண் வரைக்கும் எந்தத் தெருவார் என்பதை யாரும் சொல்லாமலே எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்று பெரியவர்கள் கூறுகிறார்கள். கல்லறைக்குக் கொண்டு செல்ல இரண்டு சவ வண்டிகள் இருந்தன. ஒன்று பழுதானபோது மற்றதைக் கேட்டு, கிடைக்காமல், கட்டிலிலேயே ஒரு தாயைத் தூக்கிச் சென்றதை நேரில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அந்த வண்டிகள் இப்போது இல்லை. எல்லாருக்கும் ஒரே வண்டிதான். அதற்காக அக்காலத்துப் பங்குக் குருவும் உபதேசியாரும் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது.

ஆனால் சப்பரம் இன்னும் வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிடுகிறது. பாலத்திற்கு அப்பாலுள்ள தெருவில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் வரி கொடுக்கிறார்கள், நவநாளுக்கு வருகிறார்கள், பாடற்குழுவில் அவர்கள் பிள்ளைகள் பாடுகிறார்கள். சப்பரம் பாலம் வரை வரும்போது அவர்கள் மெழுகுதிரியோடு இக்கரைக்கு வந்து நின்று கும்பிட்டுப் போகிறார்கள். பாதை குறுகல் என்று முன்பு காரணம் சொன்னோம். பாலத்தை அகலப்படுத்திச் சாலை போட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது முன்னோர் வழக்கம் என்று சொல்கிறோம். வடக்கன்குளத்து வழக்கில் சொல்லப்பட்ட அதே சொல் அது.

யூபிலித் திருவிழாவுக்காவது சப்பரம் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று பங்குப் பேரவையில் பேச்சு நடந்து வருகிறது. இம்மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை அது முடிவாகவில்லை. எதிர்ப்பவர்கள் நம் உறவினர்கள், நம் நண்பர்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று நாம் கூறவில்லை. பழகிய ஒன்று புனிதமாகத் தோன்றிவிடும் என்பதை மேலே பார்த்தோம். நாமும் அந்தத் தெரு வழியாகப் போகாத சப்பரத்தின் பின்னால் இத்தனை ஆண்டுகள் ஜெபமாலை சொல்லி நடந்தவர்கள்தான். ஆகவே யாரையும் கண்டிக்கும் உரிமை நமக்கில்லை. கேட்கும் உரிமை மட்டும் உண்டு.

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்றால் என்ன? லேவியர் ஆகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் கூறப்பட்டபடி, எக்காளம் ஊதி, அடிமைகளை விடுதலை செய்து, இழந்த நிலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் ஆண்டு. கொடியும் தோரணமும் வாணவேடிக்கையும் அதில் சொல்லப்படவில்லை. எவருடையதையாவது நாம் பிடித்து வைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் ஆண்டு அது. அத்தெரு மக்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது நிலமும் அன்று, பணமும் அன்று. தம் வீட்டு வாசலில் நின்று தம் தாயை வரவேற்கும் பாக்கியம் ஒன்றே.

அடுத்த யூபிலிக்கு நம் பிள்ளைகள் மலர் எழுதுவார்கள். அதில் இந்த ஆண்டைப் பற்றி ஒரு வரி இருக்கும். அவ்வரியில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை நாம் இப்போது தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம். அன்னை மரியாள் அதற்கு வேண்டிய நல்ல மனத்தை நம் அனைவருக்கும் பெற்றுத் தருவாராக!